வலப்பக்கம் நிற்பவள்

சித்தூர்
19 ஆகஸ்ட் 2001

அண்ணா,

உன் கடிதம் வந்தது. அதில் நைனாவின் தொண்டையைப் பற்றி ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் நான் 'வேகா'வைத் தப்பாகக் காட்டுகிறேன் என்ற புகார்.

ஹரிபாபு லீவில் வந்தபோது ஒரு சனிக்கிழமை சண்டே ஸ்கூல் ஹாலில் வந்து உட்கார்ந்தான். முறுக்கு தின்றான். சிரித்தான். நியூஜெர்சிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உன்னிடம் ஒப்பித்துவிட்டான். நல்ல சிநேகிதன்.

உன் சட்டம் எனக்கு மறக்கவில்லை. 'நார்த் ஆஃப் வேகா' சீரியலுக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் எபிசோடிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் ஏறக் கூடாது. கேபிள் வந்த புதிதில் அந்தச் சட்டம் சரி. அப்போது பார்த்தது நாம் இரண்டு பேர். இப்போது ஹாலில் பாய் போதவில்லை.

முதல் எபிசோடைக் காட்டித்தான் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டைக்காரர்கள் பொத்தான்களைத் தொட்டபடி கிரகங்களின் வர்த்தகச் சட்டம் பேசுகிறார்கள். சரக்குக் கப்பல் வழி தப்புவது கடைசி நிமிஷத்தில். அதற்குள் வாட்ச்மேன் துலுக்காணம் எழுந்துவிட்டார். "வேகா வேகான்றியே பாப்பா, இது எப்போ வேகும்? வெந்தா கூப்புடு." அவர் பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள்.

அதனால் ஆறாவதிலிருந்து தொடங்குகிறேன். கப்பலில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் கெட்டுப்போகிற எபிசோட். ஆளுக்கு ஒரு டோக்கன், ஒரு குவளை, ஒரு வரிசை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்யும் ரத்னம்மா அக்கா அன்றுதான் முதல் முறை வந்திருந்தார். கேப்டன் ஹாலோரன் வரிசையைப் பார்த்து, பொறுமை வேண்டும் என்று பேசுகிறான். நான் டேப்பை நிறுத்தித் தமிழில் சொன்னேன். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே: "பேசுவான் பேசுவான். அவன் ரூமுக்குத் தனி கொழா இருக்கும் பாரு. வாய் எப்படி ஈரமா கீது பாரு அவனுக்கு."

கொஞ்ச நேரத்தில் கேப்டன் அறையிலிருந்த தனித் தொட்டி திரையில் அம்பலமானது. ஹாலில் எழுந்த சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். அதன்பிறகு அவர்களே கேட்கிறார்கள்: இவங்க எங்கேர்ந்து வந்தாங்க, எப்படி மாட்டிக்கினாங்க? அப்போதுதான் முதல் எபிசோடுக்கு அழைத்துப்போகிறேன். இப்போது ஒருவரும் எழுவதில்லை.

முறை நீ தொடங்கியதுதான். வெள்ளைக்காரப் பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, நைனா அவருக்கு வலப்பக்கம் நின்று தமிழில் சொல்வதுபோல. ஒரு வசனம் ஓடவிடுவது, நிறுத்துவது, டிவிக்கு வலப்பக்கம் நின்று சொல்வது. நீ இருந்தவரை பொத்தான் என் கையில், பேச்சு உன் வாயில். இப்போது இரண்டும் நான். நான் சொல்லி முடித்த பிறகும் சற்று நேரம் டேப்பை நிறுத்தி வைக்கிறேன். அவர்கள் பேசட்டும் என்று.

இனி முக்கியமான செய்தி. டாக்டர் நைனாவைப் பேசவே கூடாது என்கிறார். ஜனவரி கன்வென்ஷன் கூட்டங்களில் அவரால் மொழிபெயர்க்க முடியாது. பாஸ்டரிடம் நானே போய்க் கேட்டேன். பெண்கள் கூட்டத்துக்கு மட்டுமாவது நான் சொல்கிறேன் என்று. நம் சர்ச் மேடையின் வலப்பக்கம் ஒரு பெண் நின்றதில்லை. பாஸ்டர் சிரிக்கவில்லை. "நவம்பர்ல ஒரு சனிக்கிழமை வரேன்மா. அந்த டிவி முன்னாடி நீ எப்படிச் சொல்றேன்னு பாக்கறேன்" என்றார்.

எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, தினம் பஸ் ஏறித் திருப்பதி டுடோரியலில் பாஸிவ் வாய்ஸ் நடத்துகிறேன். எனக்கு வேண்டியது அந்த இடம். அது ஒன்றுதான். ஆறாவதா முதலாவதா என்று உன்னோடு சண்டை போட நேரமில்லை.

ஈமெயில் எழுதச் சொல்லாதே. பிரவுசிங் சென்டரில் உட்காருகிறவன் பாஸ்டரின் மச்சான் மகன். முதுகுக்குப் பின்னால் நின்று "இந்த ஸ்பெல்லிங் தப்புக்கா" என்கிறான்.

கேசியா


எடிசன், நியூஜெர்சி
5 செப்டம்பர் 2001

அன்பான சகோதரி கேசியாவுக்கு,

கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று எங்கள் ஜெப ஐக்கியத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சில நாள் காத்திருந்தேன். குறையவில்லை. எழுதுகிறேன்.

ஆறாவதா முதலாவதா என்பது மட்டுமல்ல விஷயம். தூவைப் பற்றிப் பேசுவோம். கப்பலின் அடித்தளத்தில் இருக்கும் அந்த வேற்றுலக உயிர் பேசாது. தொண்டையில் வெளிச்சம் நிறம் மாறும், அவ்வளவுதான். அதை உண்டாக்கியவர்களே அதற்கு அர்த்தம் கொடுக்கவில்லை. அந்த இடங்களில் நான் என் இஷ்டத்துக்கு ஏதோ சொன்னேன். வேதாகமத்தின் சங்கீதங்களிலிருந்து வரிகளை எடுத்துச் சொன்னேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

நீ அதைவிட மோசம். டேப்பை நிறுத்தி, "தூவ் இன்னா சொல்லுது?" என்று ஹாலைக் கேட்கிறாயாம். ஆளுக்கு ஒன்று கத்துகிறார்களாம். ஒருத்தி எழுந்து, "என்னை வூட்டுக்கு வுடுங்கடான்னுது" என்றாளாம். ஹரிபாபு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குப் பெயர் மொழிபெயர்ப்பா?

நைனா மேடையில் ஒரு சொல் கூட்டியதில்லை. ஒரு சொல் குறைத்ததில்லை. அந்த இடத்தைத்தான் நீ கேட்கிறாய். அதற்கு நீ பழகுவது கத்தல் கூட்டத்தில்.

இங்கே எங்கள் சபை மூப்பர் ஞாயிறுதோறும் தன் காரில் வந்து என்னை அழைத்துப்போகிறார். இப்படிப்பட்ட கதைகள் மனதை எங்கே இழுத்துப்போகும் என்று விளக்கினார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் நிறைய மேசைகள் காலியாகிவிட்டன. என் மேசை இருக்கிறது.

உனக்காக ஜெபிக்கிறேன்.

சகோதரன்
ஜோஷுவா


சித்தூர்
7 அக்டோபர் 2001

அண்ணா,

போனில் நீ என்றதும் நைனா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நீ இருக்கும் இடம் அந்த இரண்டு கட்டடங்களிலிருந்து எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியாது. டிவியில் பார்த்தால் எல்லாமே பக்கம்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்காக என் கோபத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

நான் உன் சகோதரி இல்லை. தங்கச்சி. நீ சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, காந்தி சிலை முன்னால் போட்டு உடைத்தாயே, அந்தத் தங்கச்சி. சகோதரி என்று இன்னொரு முறை எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஹரிபாபு சொல்லிச் சிரித்த அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. தேன்மொழி. என்னோடு டுடோரியலில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். விஜயபுரம் பக்கம். அவள் அப்பாவுக்கு நிலம் என்று ஒன்று வந்ததே அவள் பிறந்த பிறகுதான். திருப்பதியில் அறை தேடிப்போனால் முதலில் ஊர் கேட்கிறார்கள். பிறகு தெரு கேட்கிறார்கள். பிறகு, "ரூம் லேதம்மா" என்கிறார்கள். வாசலில் 'டு லெட்' பலகை ஆடிக்கொண்டிருக்கும்போதே. நானும் கூடப் போயிருக்கிறேன். அவள் அதற்கெல்லாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பாள்.

தூவின் தொண்டை சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியபோது அவள் வாயைத் திறந்தாள். நீ அதைக் கத்தல் என்கிறாய்.

வேறு என்ன கேட்கிறார்கள் தெரியுமா? போன வாரம் புதிதாக வந்த தாட்சாயணி கேட்டாள்: "கப்பல்ல இருக்கறவங்கல்லாம் இன்னா ஆளுங்கக்கா?" நான் பதில் யோசிப்பதற்குள் ரத்னம்மா அக்கா: "எல்லாரும் ஒரே மேசைல துன்றாங்க, நீ பாக்கல? அப்பறம் இன்னா ஆளுங்கன்னு இன்னா கேள்வி?" ஹாலே கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தது. எந்தப் பிரசங்கத்துக்கும் அப்படி ஆனதில்லை.

நீ உன் மூப்பரோடு காரில் போ. யோசி. ஜெபி. அதோடு நிறுத்திக்கொள். பாஸ்டர் அடுத்த மாதம் வருகிறார். அந்தச் சனிக்கிழமையை மட்டும் எனக்கு விட்டுவிடு. கேட்டுக்கொள்ளவில்லை. சொல்கிறேன்.

கேசியா


சித்தூர்
18 நவம்பர் 2001

பாஸ்டர் நேற்று வந்தார்.

பின்வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறாவது எபிசோடைத்தான் போட்டேன். என் குரல் நடுங்கவில்லை. நிறுத்துகிறேன், சொல்கிறேன். அவர் இருப்பதால் பாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். கேப்டன் பேச்சு வருவதற்கு முன்பே பாஸ்டர் எழுந்து, "லைட் போடுங்க" என்றார்.

சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார்.

என்னிடம் தனியாகக் காட்டியிருக்கலாம். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். 'என் தங்கை இல்லாததைச் சேர்த்துச் சொல்லுகிறவள். அவளை மேடையில் ஏற்றினால் தேவனுடைய வார்த்தைக்கும் அதையே செய்வாள். இந்தக் காட்சிகளைத் தொடங்கிவைத்தவன் நான் என்பதால் இதை நிறுத்தும்படி கேட்கும் கடமையும் எனக்கே.'

அங்கே மட்டும் தங்கை என்று எழுதியிருக்கிறாய்.

ரத்னம்மா அக்கா எழுந்தார். "தம்பி இங்க நின்னுக்கினு சொன்னப்போ ஊரே கேட்டுச்சாமே அய்யா. அப்போ பாவம் இல்லியா? இது சொன்னா மட்டும் பாவமா?" பாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வருத்தமா இருக்கும்மா. உங்க அண்ணனே எழுதறப்போ நான் இன்னா பண்ணட்டும்? வேலூர்லேர்ந்து ஒரு ஆளை ஏற்பாடு பண்ணிக்கறேன்."

துலுக்காணம் பூட்டை எடுத்து வந்தார். "நான் இன்னா பண்றது பாப்பா. பூட்டுன்னாங்க, பூட்றேன்." சாவி திரும்பவில்லை. எண்ணெய் ஊற்றித் திருப்பினார். அதுவரை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏன் செய்தாய்? என்னிடம் சொல்லாமல் ஏன் செய்தாய்? நீ எதிரில் இருந்திருந்தால் கை நீட்டியிருப்பேன். சத்தியமாக.


எடிசன்
6 டிசம்பர் 2001

கேசியா,

கேட்டாய். சொல்கிறேன்.

அக்டோபரிலேயே வேலை போய்விட்டது. நைனாவிடம் சொல்லாதே. அறையைக் காலி செய்தேன். மூப்பர் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் இடம் கொடுத்தார். அவர் மனைவி மூன்று வேளையும் சோறு போடுகிறார். இன்னொரு தட்டு என்று முகம் சுளித்ததில்லை.

மாத முடிவில் ஒரு கூட்டம். அவரவரைக் கட்டிப்போட்டிருக்கும் ஒன்றை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். ஒருவர் கிதாரை வைத்தார். ஒருவர் சிகரெட் பெட்டி. ஒரு பெண் பழைய போட்டோ ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். என் முறை. என்னிடம் என்ன இருந்தது? ஒரு பெட்டி, சில சட்டை, ரெஸ்யூமே. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒளிக்கிறான் என்று நினைப்பார்கள். 'வேகா' என்றேன். என் ஊரில் நான் தொடங்கியது, இன்னும் நடக்கிறது என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ஆமென் என்றார்கள். தோளில் கை வைத்தார்கள். அப்படி ஒரு கை என்மேல் பட்டுப் பல மாதமாகியிருந்தது. அப்படியானால் அதை நிறுத்தும்படி எழுது என்றார் மூப்பர். எழுதினேன்.

பொய் எழுதவில்லை. நீ சேர்க்கிறாய். அதை நீயே மறுக்கவில்லை.

உனக்குக் கோபப்பட ஒரு ஹால் இருந்தது, ஊர் இருக்கிறது, பக்கத்தில் நின்று பேச ஒரு ரத்னம்மா இருக்கிறார். நான் இங்கே கோபப்பட்டால் எனக்குச் சோறு போடுகிறவர்மேல்தான் கோபப்பட வேண்டும். அதனால் உன்மேல் படுகிறேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

ஜோஷுவா


சித்தூர்
23 டிசம்பர் 2001

அண்ணா,

கிதார்க்காரன் தன் கிதாரை வைத்தான். நீ என்னுடையதை எடுத்து வைத்தாய்.

நைனாவிடம் சொல்லவில்லை. வேலை போனவன் மேல் கோபப்படுவது கஷ்டமாக இருக்கிறது. கோபத்தையாவது முழுசாக எனக்கு விட்டிருக்கலாம் நீ.

டிவி, வி.சி.ஆர்., டேப்புகள் எல்லாம் இப்போது விஜயபுரத்தில், தேன்மொழி வீட்டில். பஸ்ஸில்தான் கொண்டுபோனோம். கண்டக்டர், "ஏமம்மா, பெள்ளி சாமானா?" என்றான், கல்யாணச் சீர் என்று நினைத்து. தேன்மொழி, "அவுனு, மாப்பிள்ளை கப்பல்ல வராரு" என்றாள். அவள் இப்படியெல்லாம் பேசுவாள் என்று எனக்கே தெரியாது.

அவள் அப்பா கருப்பன், மோட்டார் ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். தெருவில் வைத்துக் காட்டினோம். ஆறாவதுதான். கடலைக்காயை உரித்துக்கொண்டே பார்த்தார்கள். அவரும் உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரிசை முடிந்ததும், "திருப்பிப் போடும்மா" என்றார். போட்டேன். "அங்க நிறுத்து. வரிசைல கடைசியா நிக்கறான் பாரு, அவன் பேரு இன்னா?"

அவனுக்குப் பெயர் கிடையாது. பின்னால் நிறுத்திவைத்த ஆள். எந்த எபிசோடிலும் ஒரு வசனம்கூட இல்லை. சேர்த்துச் சொல்கிறவள் என்கிறாயே, அங்கே ஒரு பெயரைச் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. "பேர் வெக்கலைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கடைசில நிக்கறவனுக்கு எவன் வெப்பான்."

கன்வென்ஷனில் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். சமையல் பந்தல். பாவாடை கட்டிய வயதிலிருந்து அங்கேதான். பின்பக்க ஒலிபெருக்கியில் பிரசங்கியாரின் இங்கிலீஷ் வராது, நைனாவின் தமிழ் மட்டும் வரும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்போம். இந்த வருடம் வேலூர்க்காரர் தமிழ் வரும்.

கேசியா


எடிசன்
13 ஜனவரி 2002

கேசி,

மார்ச்சில் திரும்பிவிடுகிறேன். விசா அதற்குமேல் தாங்காது. ஹரிபாபு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். நைனாவிடம் நானே வந்து சொல்கிறேன்.

பேஸ்மென்ட்டுக்கு இன்னும் இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். ஒருவன் குண்டூர், ஒருவன் சந்திரகிரி. இருவருக்கும் வேலை இல்லை. ஞாயிறு மத்தியானம் மேலே எல்லோரும் தூங்கும்போது சந்திரகிரிப் பையன் கேட்டான்: "அண்ணா, நீங்க அழுதுக்கினே விட்டுட்டேன்னு சொன்னீங்களாமே, அது இன்னா கதை?" சொன்னேன். விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். முதல் எபிசோடிலிருந்து, ஒழுங்காக. கப்பல் வழி தப்புவதற்குள் குண்டூர்ப் பையன் தூங்கிவிட்டான். இன்னொருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே மரியாதைக்கு உட்கார்ந்திருந்தான்.

இதை நீ வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அன்று முழுவதும் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஹாலைத் திறக்கச் சொல்லி பாஸ்டருக்கு எழுதட்டுமா? எழுதினால் இங்கே தெரிந்துவிடும். மார்ச் வரை எனக்கு இந்த இடம் வேண்டும். அதனால் இப்போது எழுத முடியாது. வந்த பிறகு பேசுகிறேன். இதற்கும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

ஜோஷுவா


சித்தூர்
3 பிப்ரவரி 2002

அண்ணா,

எழுதாதே. இனி தேவையில்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஹரிபாபு வழியாக வேறு மாதிரி வந்து சேர்வதற்கு முன்.

கன்வென்ஷன் இரண்டாம் நாள் காலையில் வேலூர்க்காரருக்கு வயிற்றுப்போக்கு. பெண்கள் கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான். பாஸ்டர் சமையல் பந்தலுக்கு வந்தார். என் கையில் புளிக்கரைசல். "கேசியா, இந்த ஒரு வேளைக்கு மட்டும் நில்லும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூட்டாதே. கொறைக்காதே. உங்க அண்ணன் எழுதினது மனசுல இருக்கட்டும்."

கை கழுவிக்கொண்டு போய் நின்றேன். வலப்பக்கம்.

இந்த வருடப் பிரசங்கியார் வயதானவர். இந்த ஜில்லாவுக்கு முதலில் வந்த மிஷனரியின் பேரன். சில வருடத்துக்கு ஒரு முறை வருகிறாரே, அவர்தான். ரூத்தின் கதையைச் சொன்னார். நன்றாகப் போனது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். என் குரல் மைக்கில் போய்ப் பின்பக்கப் பந்தலில் விழுந்து திரும்பி வருவது எனக்கே கேட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன், அண்ணா. அதை எழுதிவிட வேண்டும்.

பிறகு அவர் சிரித்தார். தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்போடுதான் சொன்னார், கண்கூட ஈரமாக இருந்தது. என் தாத்தா இங்கே வந்தபோது உங்கள் தாத்தாக்கள் செத்த மாட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள் என்றார். குளிக்கத் தெரியாதவர்கள் என்றார். பொய்யும் திருட்டும் அவர்கள் இரத்தத்திலேயே இருந்தன, இன்று உங்களைப் பார்க்கிறேன், எவ்வளவு சுத்தம் என்றார். நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

முன்வரிசையில் நைனா. கழுத்தில் துண்டு. அவர் என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

அப்போதுதான் புரிந்தது. இந்தத் தாத்தா கதையை இந்தப் பிரசங்கியார் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். வேறு பிரசங்கியார்களும் சொல்லியிருப்பார்கள். சமையல் பந்தலில் எங்களுக்குக் கேட்டது வேறு: 'நம் முன்னோர்கள் எளியவர்கள், கர்த்தர் நம்மைக் கைதூக்கிவிட்டார்.' நைனாவின் குரலில் அந்த வரி எனக்கு மனப்பாடம். வெங்காயக் கண்ணீரோடு ஆமென் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டாதவர், ஒரு சொல் குறைக்காதவர் என்று எழுதினாயே.

பாஸ்டர் சொன்னபடி செய்தேன். நீ எழுதியபடி செய்தேன். செத்த மாடு, குளிக்கத் தெரியாதவர்கள், இரத்தத்தில் திருட்டு. எதையும் மெதுவாக்கவில்லை. எதையும் உரக்கவும் சொல்லவில்லை.

அடுத்த வாக்கியத்துக்குப் பிரசங்கியார் வாய் திறப்பதற்குள் ரத்னம்மா அக்கா எழுந்துவிட்டார். மேடையில் ஒருவர் நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடித்தால், அடுத்துப் பேச வேண்டியது கீழே இருப்பவர்கள். அவருக்குத் தெரிந்த வழக்கம் அது. சனிக்கிழமை வழக்கம். கன்வென்ஷனில் அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"அய்யா, ஆமா, துன்னாங்க. எங்க தாத்தா துன்னாரு. செத்தாதான் அது எங்க மாடு. உசுரோட இருந்தவரிக்கும் ஊரான் மாடு. குளிக்கத் தெரியாதுன்னீங்களே, கெணத்தாண்ட எங்களை வுட்டாங்களா? ஒங்க தாத்தா அதைப் பாத்துக்கினுதானே இருந்திருப்பாரு? அவரு இன்னா பண்ணாரு? எங்க மேல நாத்தம் அடிச்சிதுன்னு மட்டும் எழுதி வெச்சிட்டுப் போனாரா? பாப்பா, சொல்லு அவருக்கு. வுடாம சொல்லு."

பிரசங்கியார் சிரித்த முகத்தோடு, அந்த அம்மா கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்கிறாரா என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது. வேதாகமத்தில் ஏதோ பக்கத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு பாட்டுப் பாடலாமா என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போனது.

பாஸ்டர் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். "கூட்டிச் சொன்னியா?" "இல்லைங்க." "கொறைச்சியா?" "இல்லைங்க." அரிசி மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்து நைனா பேசினார். பேசக் கூடாத தொண்டையில், காற்றாக. "நாப்பது வருஷம் நான் முழுங்கனதை ஒரு நிமிஷத்துல கக்கிட்டே."

"ஏன் நைனா முழுங்கினே? அவங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"இருக்கறதுலயே நல்ல பொடவையா கட்டிக்கினு வந்து உக்காந்திருப்பாங்கடி. அதைச் சொல்லி அவங்களைத் தலை குனிய வெக்கறதா?"

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம். நாற்பது வருடம் அந்தப் பிரசங்கியார்கள் தங்களை நல்லவர்கள் என்று நினைத்தபடியே கப்பலேறிப் போக அவர் விட்டார். ஆனால் அந்தக் காற்றுக் குரலோடு எப்படிச் சண்டை போடுவது? நீ வந்து போடு.

இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம். ஒரு வேளைக்குக் கிடைத்தது. உன் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால், பாஸ்டர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், நானும் நைனாவின் தலையசைப்பைப் பார்த்து எளியவர்கள் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. அதற்காக உனக்கு நன்றி சொல்லமாட்டேன். மன்னிக்கவும் இல்லை. மார்ச்சில் வா. உன் கட்டிலில் நைனாவின் மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன, எடுத்து வைக்கிறேன்.

மூன்றாம் நாள் வேலூர்க்காரர் உப்பு சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றார். என்னைச் சமையல் பந்தலுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. பெண்கள் பக்கம் பாயில், ரத்னம்மா அக்காவை ஒட்டி உட்கார்ந்தேன். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிரசங்கியார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் எங்கள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

கேசியா